குட்டைத் தொட்டியும் ட்ரெய்லரின் மூக்கும்

கேள்வி: டெக்ஸாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே குடியிருக்கிறோம். என்னிடம் 2019 ஃபோர்டு எஃப்-250 பிக்கப் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின், நான்கு கதவு, 6.75 அடி சரக்குத் தொட்டி. ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். பழையதுதான், அகலம் 96 அங்குலம், முழுச் சுமையோடு 10,500 பவுண்டு. முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. என் வண்டியில் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரும் ஹிட்ச் அமைப்பு இல்லை. மூன்று கடைகளில் விசாரித்தேன். முதல் கடை, தொட்டியின் மேல் ரெயில் போட்டு, கையால் நகர்த்தும் ஹிட்ச் வைக்கலாம் என்றது. இரண்டாவது கடை, தொட்டிக்கு அடியில் கூஸ்நெக் சட்டம் பொருத்தி அதன்மேல் ஹிட்ச் நிறுத்தச் சொன்னது. மூன்றாவது கடை தானாக நகரும் ஹிட்ச்தான் ஒரே வழி என்றது. விலை முதல் கடையைப் போல இரு மடங்கு. வார நாட்களில் தொட்டியில் பிளைவுட், மண், பழைய மரச்சாமான் எல்லாம் ஏற்றுவேன். வீட்டு வாசலில் ட்ரெய்லரைப் பின்னோக்கி விட, கிட்டத்தட்டச் செங்கோணத்துக்குத் திருப்பியாக வேண்டும். கேபின் கண்ணாடி உடைந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எதைப் பொருத்துவது? கதவு ஸ்டிக்கரின் படத்தையும் நான் எடுத்த அளவுகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று கடைக்காரர்களும் உங்கள் பிக்கப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். ட்ரெய்லரை ஒருவரும் பார்க்கவில்லை. பெண்ணைப் பார்க்காமல் தாலிக்குத் தங்கம் நிறுத்துகிற கதைதான் இது. எந்த ஹிட்ச், எந்தப் பொருத்துமுறை என்பதை முடிவு செய்யப்போவது உங்கள் தொட்டி அல்ல, அந்த ட்ரெய்லரின் மூக்கு. முன்பணம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்.

இந்தத் துறைக்குப் புதிதான வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரண ட்ரெய்லர் வண்டியின் பின்பக்க பம்பருக்குக் கீழே கோர்க்கப்படும். ஃபிஃப்த் வீல் ட்ரெய்லருக்கு மூக்கின் அடியில் 2 அங்குலத் தடிமனில் ஓர் இரும்பு முளை தொங்கும், கிங்பின் என்பார்கள். பிக்கப்பின் தொட்டிக்குள், பின்அச்சுக்கு மேலே நிற்கும் ஹிட்ச் தன் தாடையால் அந்த முளையைக் கவ்விக்கொள்ளும். ஐந்தாவது சக்கரம் என்ற பெயர் குதிரை வண்டிக் காலத்து மிச்சம். முன்அச்சு திரும்புவதற்காக அதன்மேல் படுக்கை வசத்தில் ஒரு வளையம் வைத்திருந்தார்கள். நான்கு சக்கரத்துக்கு மேல் அது ஐந்தாவது. சுமை அச்சின் மேல் நேராக இறங்குவதால் ட்ரெய்லர் வாலாட்டாமல் வரும். அதற்குக் கொடுக்கும் விலை, ட்ரெய்லரின் மூக்கு கேபினின் முதுகுக்குப் பின்னாலேயே வந்து நிற்கிறது.

முதலில் எடைக் கணக்கு. நீங்கள் அனுப்பிய ஸ்டிக்கர், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருப்பது, ஆட்களும் சரக்குமாக 3,180 பவுண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. விளம்பரத்தில் எஃப்-250 எவ்வளவு இழுக்கும் என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். உங்கள் வண்டிக்குச் சட்டம் இந்த ஸ்டிக்கர்தான். ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரின் மொத்த எடையில் 20 முதல் 25 சதவீதம்வரை கிங்பின் வழியாக உங்கள் தொட்டியில் இறங்கும். நடுவில் 22 என்று வைத்துக்கொண்டால் 10,500-க்கு 2,310 பவுண்டு. நீங்கள் நால்வரும் சேர்ந்து 560 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் கழித்தால் மிச்சம் 310. ஹிட்ச், அதைத் தாங்கும் இரும்பு, கருவிப்பெட்டி, ஐஸ் பெட்டி, பின் இருக்கையில் ஊறுகாய் ஜாடியோடு வரும் பை, அத்தனையும் இந்த 310-க்குள் அடங்க வேண்டும்.

விற்பவர் காட்டும் தாளில் கிங்பின் எடை 1,700 என்றோ 1,800 என்றோ இருந்தால் அதை நம்பி இந்தக் கணக்கைத் தளர்த்தாதீர்கள். அது காலி ட்ரெய்லரின் எடை. பேட்டரி, கேஸ் சிலிண்டர், முன்பக்க அறையில் நீங்கள் அடுக்கும் நாற்காலிகள் எல்லாம் மூக்கின்மேலேதான் உட்காரும். தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு. 50 கேலன் தொட்டியை நிரப்பினால் 400 பவுண்டைத் தாண்டிவிடும். அந்தத் தொட்டி ட்ரெய்லரின் அச்சுகளுக்கு முன்னால் இருந்தால் அதில் ஒரு பங்கு உங்கள் தலையில்தான்.

இப்போது மூன்றாவது கடைக்காரரின் யோசனையைப் பாருங்கள். தானாக நகரும் ஹிட்ச் அருமையான இயந்திரம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. புல்ரைட் நிறுவனத்தின் சூப்பர்கிளைட் போன்றவற்றில் வண்டி திரும்பத் திரும்ப ஹிட்சின் தலை தானே பின்னோக்கி நகர்ந்து, நேரானதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஓட்டுநர் இறங்கவே வேண்டாம். ஆனால் அந்த வகை 200 பவுண்டைத் தாண்டும். ட்ரெய்லரின் கிங்பின் தலைப்பில், அதாவது அந்த முளையைத் தாங்கும் இரும்புப் பெட்டியில், ஒரு பிடிதகடும் மாட்ட வேண்டும். கிரீஸ் போட்டுப் பராமரிக்கவும் வேண்டும். உங்களிடம் இருக்கும் 310 பவுண்டில் பெரும்பங்கை ஹிட்சுக்கே எழுதி வைத்துவிட்டால், ஐஸ் பெட்டியை யார் தூக்குவது?

கேபின் கண்ணாடிக்கு வருவோம். கேபின் முதுகிலிருந்து பின்அச்சின் நடுவரை 40 அங்குலம் என்று அளந்திருக்கிறீர்கள். ட்ரெய்லர் 96 அங்குல அகலம், பாதி 48. செங்கோணத்தில் திரும்பும்போது ட்ரெய்லரின் பக்கச்சுவர் கிங்பின்னிலிருந்து 48 அங்குலம் முன்னே நிற்கும். 40 அங்குல இடத்தில் 48 அங்குலம் நுழையாது. பயமுறுத்தியவர்கள் சொன்னதில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

அவர்கள் சொல்லாதது, எந்தக் கோணத்தில் முட்டும் என்பதை. முகம் தட்டையான ட்ரெய்லர், கிங்பின் முகத்துக்கு 6 அங்குலம் முன்னால் தொங்குகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஏறக்குறைய 63 பாகையில் மூலை கேபினைத் தொடும். நெடுஞ்சாலையில் அந்தக் கோணம் வரவே வராது. பெட்ரோல் பங்க்கில் சுற்றும்போது நெருங்கலாம். பின்னோக்கி விடும்போதுதான் வரும். உங்கள் வீட்டு வாசல் அப்படிப்பட்ட இடம். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும், களைத்துப்போய், பெரும்பாலும் இருட்டில் அந்தத் திருப்பம் உங்களுக்காகக் காத்திருக்கும்.

ட்ரெய்லர் செய்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பல ட்ரெய்லர்களில் மூக்கின் இரு மூலைகளையும் சரிவாகச் செதுக்கியோ உள்வாங்கியோ விடுகிறார்கள். கேபினின் அகலம் 80 அங்குலம், அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 40. ட்ரெய்லரின் முழு அகலச் சுவர் கிங்பின்னுக்கு 40 அங்குலத்துக்கும் பின்னால்தான் தொடங்குகிறது என்றால், செங்கோணத்தில் அந்தச் சுவர் கேபினைத் தாண்டி வெளியே நிற்கும். கேபினுக்கு எதிரே செதுக்கிய வெற்றிடம்தான் இருக்கும். அப்படிப்பட்ட மூக்குக்கு நகரும் ஹிட்சே தேவையில்லை. நீங்கள் பார்த்திருப்பது எந்த வகை? கடிதத்தில் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு காகிதம் போதும். ஓர் அங்குலத்துக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் நிற்கும் இடத்துக்கு அளவு நாடாவும் தூக்குக்குண்டும் எடுத்துப்போங்கள். உங்கள் கேபின் கண்ணாடியின் உயரத்தில் ட்ரெய்லரின் மூக்கு எங்கெங்கே இருக்கிறதோ அங்கிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். கிங்பின்னுக்கு நேர்கீழேயும் ஒரு குறி. ஏழெட்டுப் புள்ளிகள் போதும். வீட்டுக்கு வந்து அந்த உருவத்தை அட்டையில் வெட்டினால் 192 மில்லிமீட்டர் அகலத்தில் ட்ரெய்லரின் முன்பகுதி கிடைக்கும். ஒரு தாளில் 160 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். அது கேபினின் முதுகு. அதன் நடுப்புள்ளியிலிருந்து 80 மில்லிமீட்டர் பின்னால் அட்டையைக் குண்டூசியால் குத்தி வையுங்கள். குண்டூசிதான் கிங்பின். இனி அட்டையை மெல்லத் திருப்புங்கள். கோட்டைத் தொடுகிறதா, எந்தக் கோணத்தில் தொடுகிறது, எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். வடிவியல் எதற்குப் படிக்கிறோம் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். கோட்டுக்கும் அட்டைக்கும் நடுவே 6 மில்லிமீட்டராவது, அதாவது 3 அங்குலமாவது, எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். தரை மேடுபள்ளமாக இருந்தால் ட்ரெய்லரின் மூக்கு கேபின் பக்கம் சாயும்.

இடம் போதவில்லை என்று ஹிட்சையே பின்னால் தள்ளிப் பொருத்தலாமே என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். கிங்பின் பின்அச்சுக்கு நேர்மேலே, அல்லது ஓரிரு அங்குலம் முன்னால் நிற்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் போனால் 2,300 பவுண்டும் சீசாப் பலகை போல வேலை செய்து முன்சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும். ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடும். ஓரிரு அங்குலம் முன்னால் பொருத்தினால் உங்கள் 40 அங்குலம் 38 ஆகிவிடும் என்பதையும் காகிதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை கோட்டைத் தொடாமல் செங்கோணம்வரை சுற்றிவிட்டதா? அப்படியானால் இரண்டாவது கடைக்காரர் சொன்னதைக் கேளுங்கள். கூஸ்நெக் சட்டம் என்பது தொட்டிக்கு அடியில் சேஸிஸோடு பூட்டும் இரும்பு. தொட்டியின் நடுவில் ஒரு வட்டத் துளை மட்டும் போடுவார்கள். கூஸ்நெக் என்பது கிங்பின்னுக்குப் பதிலாக ஓர் இரும்பு உருண்டையின்மேல் உட்காரும் ட்ரெய்லர் வகை. துளையில் நிற்கும் அந்த உருண்டையை வேண்டாதபோது தலைகீழாகப் போட்டுவிடலாம், தொட்டித்தளம் சமமாகிவிடும். பிளைவுட் வழுக்கிக்கொண்டு போகும், மண்வெட்டி எதிலும் இடறாது. கான்சாஸில் ஹம்போல்ட் என்ற சிற்றூரில் இருக்கும் பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் டர்ன்ஓவர்பால் இந்த வகையில் பெயர்பெற்றது. உருண்டை நிற்கும் அதே துளையில் ஒரே நடுத்தண்டில் நிற்கும் கம்பேனியன் ஹிட்சையும் அவர்களே செய்கிறார்கள். டெக்ஸாஸில் வைக்கோலும் மாடும் ஏற்றும் கூஸ்நெக் ட்ரெய்லர் யாரிடமாவது இரவல் வாங்கும் நாள் வரும். அதற்கும் இந்த உருண்டை உதவும். அடிச்சட்டம் 100 பவுண்டு அளவில் இருக்கும், நகராத ஹிட்ச் அதற்குமேல். இரண்டும் சேர்ந்து உங்கள் 310-க்குள் ஏறக்குறைய நுழைந்துவிடும், கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும். தண்ணீர்த் தொட்டியை முகாமுக்குப் போய் நிரப்பிக்கொண்டால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

அட்டை தொடுகிறது என்றால் என் யோசனை: வேறு ட்ரெய்லர் பாருங்கள். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ட்ரெய்லரின் மூக்கில் இருக்கும் குறையைத் தீர்க்க உங்கள் தொட்டியில் இரும்பைக் கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே பணத்துக்கு மூக்குச் செதுக்கிய பழைய ட்ரெய்லர்கள் சந்தையில் கிடைக்கின்றன.

இல்லை, வீட்டில் எல்லோருக்கும் அந்த ட்ரெய்லரே பிடித்துவிட்டது என்றால் முதல் கடைக்காரரிடம் போங்கள். ரெயில் இரண்டும் கையால் நகர்த்தும் ஹிட்சும். கூஸ்நெக் சட்டத்தின்மேல் நிற்கும் நகரும் ஹிட்சும் உண்டு. ஆனால் இரண்டின் எடையும் சேர்ந்தால் உங்கள் 310 தாங்காது. கையால் நகர்த்தும் ஹிட்ச் 10 முதல் 12 அங்குலம் பின்னே போகும். 12 போனால் 40 அங்குலம் 52 ஆகிறது. 48 அங்குலச் சுவருக்கு 4 அங்குலம் மிச்சம். வேலை செய்யும் விதம் எளிது: வண்டியும் ட்ரெய்லரும் நேராக நிற்க வேண்டும், இறங்கி நெம்புகோலை விடுவிக்க வேண்டும், ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு வண்டியை ஓர் அடி முன்னே நகர்த்த வேண்டும், ஹிட்ச் பின்னே போய்ப் பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் மறக்காமல் முன்னே கொண்டுவர வேண்டும். பின்னே தள்ளிய நிலையில் சாலையில் ஓட்டவே கூடாது. அப்போது கிங்பின் அச்சுக்குப் பின்னால் நிற்கிறது; அதனால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னேன். உடைந்த கண்ணாடியோடு என் பட்டறைக்கு வந்தவர்களில் பலரிடம் நகரும் ஹிட்ச் இருந்தது. நகர்த்த மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

ரெயிலின் நன்மை, விலை குறைவு. பல நிறுவனங்களின் ஹிட்ச்கள் அதே ரெயிலில் உட்காரும். தீமை, ஹிட்சைக் கழற்றிய பிறகும் ரெயில் தொட்டியில் கிடக்கும். மண் அள்ளும்போது ஒவ்வொரு முறையும் மண்வெட்டி அதில் மோதும். வார நாள் வேலையை நீங்கள் எழுதியிருப்பதால் சொல்கிறேன். இல்லையென்றால் இது ஒரு குறையே அல்ல.

ட்ரெய்லர் பக்கத்திலேயே தீர்வு தேடும் வழியும் ஒன்று உண்டு. சைட்வைண்டர் என்ற கிங்பின் தலைப்பு, திரும்பும் புள்ளியை ட்ரெய்லருக்கு அடியில் 22 அங்குலம் பின்னே கொண்டுபோகிறது. கிங்பின் ஹிட்சுக்குள் திரும்பாதபடி ஆப்பு வைத்து இறுக்கிவிடுவார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உங்கள் ஹிட்சுக்குப் பொருந்தும் ஆப்பு கிடைக்க வேண்டும். அந்தத் தலைப்பின் எடையும் கிட்டத்தட்ட முழுவதும் தொட்டியில்தான் இறங்கும். ஆண்டர்சன் நிறுவனத்தின் அலுமினிய ஹிட்ச் 35 பவுண்டு அளவில்தான் இருக்கும். எடைக்கணக்கில் உங்களுக்கு மிகவும் பிடிக்கும். அது உருண்டையைக் கவ்வும் வகை. கிங்பின்னில் வேறு இணைப்பு மாட்டுவதால், ட்ரெய்லர் சேஸிஸுக்கு உத்தரவாதம் தந்தவர் அதை ஏற்பாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிங்பின்னிலிருந்து தொட்டித்தளம்வரை நீளும் கூஸ்நெக் குழாய் இணைப்புகளைப் பற்றியும் இதே எச்சரிக்கைதான், இன்னும் அழுத்தமாக. நெம்புகோல் நீள நீள ட்ரெய்லரின் முன்சட்டத்தின் வெல்டிங்கில் விழும் அடி கூடும்.

பொருத்தும் நாளைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் எஃப்-250 ஃபோர்டின் சூப்பர் டியூட்டி வரிசையைச் சேர்ந்தது. 2017 முதல் அந்த வண்டிகளின் தொட்டி அலுமினியம். அதன் அலைத்தளத்தின் பள்ளங்களில் இடைத்தகடு வைக்காமல் போல்ட்டை முறுக்கினால் தளம் நசுங்கும். எஃகும் அலுமினியமும் நேரடியாக உரசிக்கொண்டு ஈரத்தில் கிடந்தால் அரிப்பு பிடிக்கும். பூச்சுள்ள வாஷர் போடச் சொல்லுங்கள். உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்த தாங்கிகளை வாங்குங்கள். அவை சேஸிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளைப் பயன்படுத்தும். சேஸிஸில் வெல்டிங் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே செய்த தவறு ஒன்று. மேலிருந்து அளந்து, மேலிருந்தே ட்ரில் போட்டேன். கீழே குனிந்து பார்க்கவில்லை. துளை சரியான இடத்தில்தான் விழுந்தது; அதற்கு நேர்கீழே பின்விளக்குகளுக்குப் போகும் வயர்க்கட்டும் இருந்தது. அன்றைய கூலி வயர் ஒட்டுவதிலேயே போயிற்று. உங்கள் கடைக்காரர் ட்ரில்லை எடுக்குமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். அது ஒன்றே அவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

உயரத்தையும் அன்றே பாருங்கள். ட்ரெய்லர் சமமாக நிற்கும்போது அதன் அடிப்பகுதிக்கும் தொட்டியின் பக்கச்சுவர் மேல்விளிம்புக்கும் நடுவே 6 அங்குலமாவது இருக்க வேண்டும். குறைந்தால் வாய்க்கால் தாண்டும்போது தொட்டிச் சுவர் மடங்கும். அந்த இடைவெளிக்காக மூக்கைத் தூக்கி ஓட்டினால் ட்ரெய்லரின் பின்அச்சு டயர்கள் அதிகச் சுமையில் தேயும்.

கோர்த்த பிறகு தாடை முழுதாக மூடியதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, தாங்குகால் தரையில் இருக்கும்போதே வண்டியை லேசாக முன்னே இழுத்துச் சோதியுங்கள். கிங்பின் தாடைக்கு மேலே உட்கார்ந்துவிட்டு, பார்வைக்கு மட்டும் கோர்த்ததுபோல் தெரிவது உண்டு. அப்படியே கிளம்பினால் ட்ரெய்லர் தொட்டியின் மேலேயே விழும். ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் அவசர பிரேக்கின் கம்பியை ஹிட்சில் மாட்டாதீர்கள், வண்டியின் உடலில் மாட்டுங்கள்; ஹிட்சே கழன்றால் கம்பியும் அதோடு போய்விடும். முதல் பயணத்துக்குப் பிறகு போல்ட்களைத் தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு முறுக்குவிசை காட்டும் டார்க் ஸ்பேனரால் மறுபடி இறுக்குங்கள்.

அந்த முதல் பயணத்திலேயே, குடும்பத்தோடும் முழுச் சாமானோடும், லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையம் ஒன்றில் எடைமேடை ஏறிவிடுங்கள். முன்அச்சு, பின்அச்சு, ட்ரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி எண் வரும். பின்அச்சின் எண்ணைக் கதவுத் தூணில் இருக்கும் பின்அச்சு வரம்போடு ஒப்பிடுங்கள். நான் போட்ட 22 சதவீதம் ஒரு மதிப்பீடுதான். மேடை சொல்வது நிஜம்.

அட்டையை இந்த வாரமே வெட்டிப் பாருங்கள். எத்தனை பாகையில் தொட்டது என்றும், கிங்பின்னிலிருந்து முழு அகலச் சுவர் எத்தனை அங்குலத்தில் தொடங்குகிறது என்றும் எழுதி அனுப்பினால், ஹிட்சின் உயரத்தைப் பற்றி அடுத்துப் பேசலாம்.